போர்ட்டைத் தாங்கும் ஓரம்

கேம் கண்ட்ரோலரில் சார்ஜ் போர்ட் ஆடத் தொடங்கினால் பழி முதலில் சால்டரின் மேல்தான் விழும். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, போர்டு மலிவானது, பையன் கேபிளைப் பிடித்து இழுத்துவிட்டான் என்று காரணங்கள் வரிசையாக வரும். மூடியில் இருக்கும் துளையை யாரும் பார்ப்பதில்லை. பழுதுக்கு வரும் கண்ட்ரோலரைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். போர்ட்டின் உலோகக் கூட்டுக்கும் பிளாஸ்டிக் ஓரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அது சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா உருகியிருக்கிறதா என்று பார்த்தால், உள்ளே ஈயம் என்ன கதியில் இருக்கும் என்பதைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

சார்ஜ் ஏற ஏற விளையாடுகிறவர்கள்தான் அதிகம். அப்போது கேபிளின் தலை கண்ட்ரோலருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கேபிள் பக்கவாட்டில் இழுபடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தலை நெம்புகோலாகிப் போர்ட்டைத் திருகுகிறது. போர்ட்டோ போர்டில் நாலு சின்ன உலோகக் கால்களில் நிற்கிறது. துளை நெருக்கமாக இருந்தால், போர்ட் இம்மியளவு அசைந்ததுமே அதன் கூடு பிளாஸ்டிக் சுவரில் சாய்ந்துகொள்ளும். விசை மூடிக்கும், மூடியைப் பிடித்திருக்கும் உள்ளங்கைக்கும் போய்விடும். துளை ஒரு மில்லிமீட்டர் தாராளமாக இருந்தால் சாய்வதற்கு இடமில்லை. முழு விசையையும் அந்த நாலு கால்களே வாங்கும், ஒரு நாள் பெயர்ந்து வரும். சிலர் இதற்குப் பயந்து போர்ட்டை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி துளை போடுவார்கள். அதுவும் கெடுதல். மூடியின் ஸ்க்ரூக்களை முறுக்கும்போதே போர்ட் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, கேபிள் செருகாத நேரத்திலும் ஈயம் அழுத்தத்தில் இருக்கும். சுற்றிலும் 0.1 மி.மீ. அளவில் இடைவெளி, அதற்குக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நேர்த்தியான துளைக்காக நான் இவ்வளவு நேரம் செலவிடுவது இதற்காகத்தான். பார்வைக்கு அழகாக இருப்பது கூடவே வந்து சேர்கிறது.

இந்த வேலை இப்போது ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டின் கண்ட்ரோலர்களிலும் மைக்ரோ யூஎஸ்பி போர்ட்தான். டைப்-சி வகையின் தர அளவுகள் வெளியானதே 2014இல். 2020இல் வந்த அடுத்த தலைமுறைக் கண்ட்ரோலர்கள் சி போர்ட்டுக்கு மாறிவிட்டன, செல்போன்களும் மாறிவிட்டன. வீட்டில் எல்லாக் கேபிளும் சி ஆகிவிட்ட பிறகு, நல்ல நிலையில் இருக்கும் பழைய பிளேஸ்டேஷன் 4 கண்ட்ரோலரான டூயல்ஷாக் 4 ஒன்றுக்காக மட்டும் மைக்ரோ கேபிளைத் தேட வேண்டியிருக்கிறது. அதைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் சி போர்ட் வைத்துத் தரச் சொல்கிறார்கள். அந்த மனசு எனக்குப் பிடிக்கும். டூயல்ஷாக் 4இன் பின்மூடியில் நாலு ஸ்டார் ஸ்க்ரூதான். போர்ட் தாய்ப்போர்டில் இல்லாமல், விளக்கோடு சேர்ந்த ஒரு குட்டிப் போர்டில் இருக்கிறது; ஒரு பட்டைக் கேபிள் இரண்டையும் இணைக்கிறது. சி போர்ட் வைத்த மாற்றுப் போர்டுகளும் கிடைக்கின்றன. ஆகவே மின்வேலை சுலபம். கையின் தரம் தெரிவது பிளாஸ்டிக்கில்தான்.

பழைய துளையையே கொஞ்சம் அகலமாக்கினால் போதும் என்று தோன்றும். அந்த எண்ணத்தில்தான் பல துளைகள் கோணலாகின்றன. போர்டிலிருந்து போர்ட்டின் மையம் நிற்கும் உயரம் மைக்ரோவில் ஒன்று, சி-யில் இன்னொன்று. சி-யிலும், போர்டின் மேல் உட்காரும் வகைக்கும் போர்டில் பள்ளம் வெட்டி அதில் பாதி இறங்கும் வகைக்கும் வித்தியாசம் உண்டு. பழைய துளையை நாலு பக்கமும் சமமாகப் பெருக்கினால் புது போர்ட் அதன் மையத்துக்கு வராது. மேலே இடித்துக்கொண்டு, கீழே இடைவெளி காட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதைப் புதிதாகத்தான் குறிக்க வேண்டும். டூயல்ஷாக் 4இல் போர்ட்டுக்கு மேலேயே விளக்கின் ஜன்னல் இருப்பதால், அந்தப் பக்கம் கணக்குத் தவறினால் திரும்ப வழியில்லை.

அளவுக்கு வருகிறேன். மைக்ரோ பிளக்கின் உலோக மூக்கு 6.85 மி.மீ. அகலம், 1.8 மி.மீ. உயரம். சி பிளக்கின் மூக்கு 8.25 மி.மீ., 2.4 மி.மீ. அதை வாங்கிக்கொள்ளும் சி போர்ட்டின் வெளிக்கூடு சுமார் 8.9 மி.மீ. அகலமும் 3.2 மி.மீ. உயரமும் இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும் என்பதால், கையில் இருக்கும் போர்ட்டை வெர்னியரில் பிடித்துப் பார்க்காமல் எந்தக் கோடும் போடக் கூடாது. ஆனால் போர்ட்டை மட்டும் அளந்துவிட்டு வேலையைத் தொடங்குவதும் அரைக் கணக்குதான். துளைக்குள் கடைசியில் நுழையப் போவது கேபிள். சி பிளக்கின் மூக்கு 6.65 மி.மீ. நீளம், அது முழுவதும் உள்ளே போனால்தான் பிடிப்பு உறுதியாக இருக்கும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தலைக்குத் தர அளவு அனுமதிக்கும் உச்சம் 12.35 மி.மீ. அகலம், 6.5 மி.மீ. உயரம். போர்ட்டின் முகம் மூடியின் வெளிப்பரப்பிலிருந்து 2 மி.மீ. உள்வாங்கி இருந்தால், கேபிளின் தலை மூடியில் இடித்து நின்றுவிடும். மூக்கில் 2 மி.மீ. வெளியே நிற்கும். சார்ஜ் ஏறும், லேசாகத் தொட்டால் நிற்கும். போர்ட் போய்விட்டது என்று மறுபடியும் கொண்டுவருவார்கள்.

எனவே முடிவு இரண்டில் ஒன்று. போர்ட்டின் முகம் வெளிப்பரப்போடு ஒட்டி வரும்படி போர்டை முன்னால் நகர்த்த முடிந்தால், கூட்டின் அளவுக்கே சின்னத் துளை போதும். நகர்த்த முடியாவிட்டால், கேபிள் தலையே உள்ளே இறங்கும் அளவுக்குப் பெரிய வாய் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமரச அளவு கிடையாது. எனக்கு முதல் வழிதான் உகந்தது, ஏனென்றால் போர்ட்டுக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் கிடைப்பது அதில்தான். இரண்டாம் வழியில் போனால் போர்ட்டின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் உள்ளே பிளாஸ்டிக் துண்டுகளால் முட்டுக் கொடுத்தே தீர வேண்டும்.

சி போர்ட்டின் வடிவம் வேலை செய்கிறவனுக்குச் சாதகமானது. இரண்டு முனையும் அரைவட்டம், நடுவில் நேர்கோடு, மூலையே இல்லை. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் விரிசல் பெரும்பாலும் கூர்மூலையிலிருந்துதான் புறப்படும், அழுத்தம் அங்கே வந்து குவிவதால். மூலை இல்லாத துளைக்கு அந்த ஆபத்து இல்லை. முனைகள் அரைவட்டம் என்பதால், வெட்ட வேண்டிய வடிவத்தின் கடினமான பகுதியை டிரில் பிட்டே போட்டுத் தந்துவிடும். 9.1 மி.மீ. அகலம், 3.4 மி.மீ. உயரம் துளை வேண்டும் என்று வையுங்கள். அகலத்திலிருந்து உயரத்தைக் கழித்தால் 5.7. இரண்டு அரைவட்டங்களின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் அதுதான். அந்த இரு மையங்களில் 3 மி.மீ. பிட்டால் துளைத்தால், சுற்றிலும் 0.2 மி.மீ. அரத்துக்கு மிச்சம் இருக்கும். நேராக 3.4 பிட்டைப் போட்டு அரத்தை மிச்சப்படுத்தலாம் என்ற ஆசை வரும். பிட் ஒரு நூல் விலகினாலும் திருத்த இடம் இருக்காது என்பதால் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும்.

குறிக்கும் விஷயத்தில் ஒரு வழி எனக்கு எப்போதும் கைகொடுக்கிறது. போர்ட்டின் முகத்தில் மட்டும் மெல்லிசாக மார்க்கர் மை தடவி, காய்வதற்குள் போர்டை அதன் இடத்தில் வைத்து மூடியின் உட்சுவரில் அழுத்தினால் போர்ட்டின் வடிவம் அப்படியே பதியும். அளவுகோல் வைத்து வெளியிலிருந்து கணக்கிடுவதைவிட இது நம்பகமானது, காரணம் மூடியின் வெளிப்பக்கம் வளைவு. எங்கிருந்து அளப்பது என்பதே தகராறு. பதிந்த வடிவத்தில் இரு மையங்களையும் குறித்து, கையால் சுழற்றும் பின் வைஸில் 1 மி.மீ. பிட்டை மாட்டி உள்ளிருந்து வெளியே துளைக்க வேண்டும். பழைய துளை ஒரு மையத்தை விழுங்கியிருந்தால், அந்த இடத்தில் ஏபிஎஸ் துண்டு ஒன்றை ஒட்டி நிரப்பிக் காய வைத்த பிறகுதான் தொடங்க வேண்டும். காற்றில் பிட் நிற்காது. பிறகு மூடியைத் திருப்பி, வெளிப்பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த ஊசித் துளைகளை வழிகாட்டியாக வைத்து வெளியிலிருந்து பெரிதாக்கலாம். பேட்டரியை இதற்கெல்லாம் முன்பே கழற்றி மேசையை விட்டே அப்பால் வைத்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரிக்குப் பக்கத்தில் கூர்மையான கருவி எதற்கும் வேலையில்லை.

டிரில் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஏபிஎஸ் 105 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இளகத் தொடங்கிவிடும். வேகமாகச் சுற்றும் பிட்டின் நுனியில் அந்தச் சூடு சில நொடிகளில் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் மெல்லிய சுருளாக வெளியே வந்தால் பிட் வெட்டுகிறது. உருண்டையாகத் திரண்டு பிட்டில் ஒட்டிக்கொண்டால் உருக்குகிறது. உருகிய ஓரம் ஆறும்போது சுருங்கி, உள்ளே மேடு தட்டி, பிறகு அரத்துக்கும் ஒழுங்காக அடங்காது. கடையில் கிடைக்கும் சாதாரண பிட் உலோகத்துக்காகத் தீட்டியது. அதன் விளிம்பு பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுக்கும், மெல்லிய சுவரில் மறுபக்கம் உடைத்துக்கொண்டு வெளியே வரும். சுவருக்குப் பின்னால் ஒரு மரத்துண்டை இறுக்கி வைத்தால் அந்த உடைப்பு வராது. பெரிய பிட் பிளாஸ்டிக்கைத் தொடும் முதல் நொடியில் அதைத் தலைகீழாகச் சுழல விடுவதும் நல்லது. வெட்டாமல் தேய்த்து ஒரு குழி ஏற்படுத்திக்கொள்ளும், பிறகு நேராகச் சுழற்றினால் வழுக்காது.

இரு துளைகளுக்கும் நடுவே மிஞ்சும் பாலத்தை எடுக்க, அதே 3 மி.மீ. பிட்டைப் பக்கவாட்டில் நகர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். டிரில் பிட் முனையால் வெட்டுவதற்கானது, பக்கத்தால் அறுக்க அல்ல. அது அலைக்கழித்து ஓரத்தைக் கடித்துவிடும். நான் பாலத்தில் இன்னும் சில சின்னத் துளைகள் போட்டு, கூர்மையான கட்டர் பிளேடால் மெல்ல நறுக்கி எடுக்கிறேன். சுழலும் வட்டத்தகடு பொருத்திய ரோட்டரி டூலை இந்த வேலைக்கு நான் எடுப்பதே இல்லை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றில் அது வெட்டுவதைவிட உருக்குவதுதான் அதிகம். தகடு வட்டம் என்பதால் வேண்டிய இடத்தைத் தாண்டிக் கோடு போய்விடும். சால்டரிங் அயர்னின் நுனியால் சுட்டுத் துளை போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓரம் பாழாவது ஒரு பக்கம், எழும்பும் ஸ்டைரீன் புகை நெஞ்சுக்குக் கேடு.

அரத்தோடு இருக்கும் நேரம்தான் இந்த வேலையில் எனக்குப் பிரியமான நேரம். தட்டை ஊசி அரம் ஒன்றும் வட்ட ஊசி அரம் ஒன்றும் போதும். அரம் தள்ளும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது வெட்டாது. வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் பிசிறு உட்பக்கம் விழும், வெளி ஓரம் கூர்மையாகச் சுத்தமாக நிற்கும். திரும்பும்போது அரத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்ள வேண்டும். அழுத்தியபடி இழுத்தால் வெளி ஓரம் சிதையும். சில தள்ளுகளுக்கு ஒரு முறை நிறுத்தி, பல்லில் அடைத்த பிளாஸ்டிக்கைப் பித்தளைப் பிரஷால் தட்டிவிட்டு, போர்ட்டைக் கொண்டுவந்து பொருத்திப் பார்க்க வேண்டும். விளக்கை உள்ளே வைத்துப் பார்த்தால் ஒளி எங்கே கசிகிறதோ அங்கே இடம் இருக்கிறது, எங்கே கசியவில்லையோ அங்கே இன்னும் எடுக்க வேண்டும். கையே அளவை உணரத் தொடங்கும் கட்டம் ஒன்று வரும். போர்ட் உராயாமல், ஆடாமல், தன் எடையிலேயே துளைக்குள் இறங்கும். அந்த இடத்தில் அரத்தைக் கீழே வைத்துவிட வேண்டும்.

கடைசி மெருகுக்கு 600 எண் உப்புத்தாள். 3 மி.மீ. உயரத் துளைக்குள் விரல் போகாது, மரக்கட்டையும் போகாது. தென்னை ஈர்க்கில் உப்புத்தாளை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினால், அதன் பருமனும் வளைந்து கொடுக்கும் குணமும் இந்தத் துளைக்கென்றே செய்தது போல அமையும். பிறகு 1000 எண் தாளால் வெளி ஓரத்தை 45 டிகிரி சாய்வில் ஓரிரு முறை தடவிவிட வேண்டும். அந்த மெல்லிய சரிவு, கேபிள் கொஞ்சம் விலகி வந்தாலும் அதைத் துளைக்கு வழிநடத்தும். கறுப்பு மூடியில் தேய்த்த இடம் சாம்பல் பூத்துத் தெரிந்தால் அசிட்டோனைத் தேடி ஓட வேண்டாம். ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். ஒரு சொட்டு வழிந்தால் சுற்றியுள்ள மேற்பரப்பின் சொரசொரப்பு போய் நிரந்தரமான பளபளத் திட்டு விழும். ஒளி ஊடுருவும் மூடிகள் சிலவற்றில் இருக்கும் பாலிகார்பனேட்டோ, அசிட்டோன் பட்டால் நுண்விரிசல் விடும். இன்னும் நுண்ணிய தாளால் பொறுமையாகத் தேய்ப்பதுதான் மருந்து. சில கண்ட்ரோலர்களில் துளை இரண்டு மூடிகள் சேரும் கோட்டிலேயே விழும். அங்கே மேல்பாதியைத் தனியாகவும் கீழ்ப்பாதியைத் தனியாகவும் அராவாமல், இரண்டையும் ஸ்க்ரூ போட்டு மூடிய நிலையிலேயே அராவ வேண்டும்.

மின்பக்கத்தில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சி போர்ட்டில் சிசி1, சிசி2 என்று இரண்டு பின்கள். ஒவ்வொன்றிலிருந்தும் தரைக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் தனித்தனியாக இருந்தால்தான், இருபுறமும் சி உள்ள கேபிளில் சார்ஜர் மின்சாரம் தரும். மலிவான போர்டுகளில் அவை இல்லாமல் போவதுண்டு. பழைய ஏ முனைக் கேபிளில் சோதித்தால் எல்லாம் சரியாக ஓடும், வீட்டுக்குப் போய்ப் புது சார்ஜரில் செருகினால் ஒன்றும் நடக்காது. மூடியை முடுக்குவதற்கு முன் இரண்டு வகைக் கேபிளிலும் பார்த்துவிட வேண்டும்.

துளை போடுகிறவர்களுக்கு இன்னொரு வேலையும் வருகிறது. கை முழுதாக இயங்காத ஒருவர், கண்ட்ரோலரின் ஒரு பொத்தானை முழங்கையாலோ காலாலோ தலையசைவாலோ அழுத்தும்படி வெளி ஸ்விட்ச் ஒன்று வைத்துத் தரக் கேட்பார். அந்த ஸ்விட்சுகள் பெரும்பாலும் 3.5 மி.மீ. மோனோ பிளக்கில் வரும். 2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரின் பின்னால் இத்தகைய 19 ஜாக்குகள் இருக்கின்றன. 2023 டிசம்பரில் வந்த சோனியின் ஆக்சஸ் கண்ட்ரோலரில் நான்கு. அவற்றை வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. வீட்டில் இருக்கும் சாதாரணக் கண்ட்ரோலரில் ஒரு ஜாக்கை இறக்கி, பொத்தானின் இரு தொடுமுனைகளிலிருந்தும் இரண்டு ஒயர் இழுத்தால் அந்தப் பொத்தான் வெளியே வந்துவிடும். மூடி பிளாஸ்டிக் என்பது இங்கே பெரிய உதவி. ஜாக்கின் உலோகக் கழுத்து ஒயரில் ஒன்றோடு சேர்ந்தது. எல்லாப் பொத்தான்களும் ஒரே தரையைப் பகிராத கண்ட்ரோலர்களிலும், பிளாஸ்டிக் மூடியில் ஜாக்குகள் ஒன்றையொன்று ஷார்ட் செய்வதில்லை.

இந்தத் துளை வட்டம். கழுத்தின் மரை 6 மி.மீ. என்றால் 2 மி.மீ.இல் தொடங்கிப் படிப்படியாக 6 வரை போனால் போதும். கஷ்டம் இடத்தில்தான். கைப்பிடிக்குள் வெற்றிடம்போலத் தெரிவதில் அதிர்வு மோட்டார் உட்கார்ந்திருக்கும். களிமண் உருண்டை ஒன்றை நினைத்த இடத்தில் வைத்து மூடியை மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் உண்மையான இடம். ஜாக்கை மட்டும் வைத்துப் பார்ப்பதும் போதாது. 3.5 மி.மீ. பிளக்கின் தண்டு 14 மி.மீ. நீளம், திறந்த வகை ஜாக்கில் அதன் நுனி பின்பக்கம் நீட்டிக்கொண்டு வரும். பிளக்கைச் செருகிய நிலையில்தான் அளக்க வேண்டும்.

உள்ளே இடம் இருக்கும் ஒன்றிரண்டு புள்ளிகளில் எது என்பதை நான் முடிவு செய்வதில்லை. ஜாக்கின் இடத்தில் பிளக்கை டேப்பால் மேலோட்டமாக ஒட்டி, ஒயரைத் தொங்கவிட்டு, விளையாடப் போகிறவரிடமே கண்ட்ரோலரைக் கொடுத்து, அவர் எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து விளையாடுவது போலப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன். மடியில் வைக்கிறவருக்கு அடிப்பக்கத்து ஜாக் உதவாது. மேசையில் வைத்து ஒரு கையால் இயக்குகிறவருக்கு, அந்தக் கை வந்துபோகும் பக்கம் ஒயர் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலியின் கைப்பிடியில் கண்ட்ரோலரைப் பொருத்துகிறவருக்கு ஒயர் சக்கரத்தின் பக்கம் போகாத இடமாக வேண்டும். அவர் சரி என்று சொன்ன புள்ளியில் டேப்பை எடுக்காமலேயே குறித்துக்கொண்டு துளைக்கிறேன். நட்டை விரலால் முடுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் வெள்ளைக் கோடு காட்டும், கோடு விழுந்த இடத்தில் பின்னால் வெடிப்பு வரும்.